ஒரு வாய்க்காலுக்கு மூன்று வழி

பல தலைமுறைகளுக்கு முன்னால் செவ்வந்தி நாட்டை மணிமுடியார் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுவது எதுவோ, அதுதான் அவருக்கு உண்மை.

அந்த நாட்டில் கருவேலங்குளம் என்ற ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஆற்று மதகிலிருந்து அங்கே நேராக ஒரு வாய்க்கால் வெட்டும் பொறுப்பை, அதே ஊர்க்காரியான மூக்காயியிடம் ராஜா கொடுத்தார். கயிறு பிடித்துக் கோடு போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அரசவைப் பிரபு பராங்குசராயருக்கு வயிறு எரிந்தது. அந்தத் தண்ணீர் தம் மாந்தோப்புக்கு வர வேண்டுமென்று அவருக்கு ஆசை.

சபையில் எழுந்து போட்டுக்கொடுத்தார். "மகாராஜா, இவள் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிறாள். தங்களிடம், மதகிலிருந்து ஊருக்கு என்றாள். பாலம் கட்டும் கொத்தனாரிடம், அரண்மனையிலிருந்து வடக்குச் சாலையில் அறுநூறு கோல் தூரத்திலும் கிழக்குச் சாலையில் ஆயிரத்து இருநூறு கோல் தூரத்திலும் வாய்க்கால் குறுக்கிடும் என்றாள். மண் வெட்டுகிறவர்களிடமோ, மதகில் தொடங்கி ஒவ்வொரு இருநூறு கோல் கிழக்கே போகும்போதும் நூறு கோல் தெற்கே இறங்க வேண்டும் என்றாள். இதில் எது நிஜம்?"

ராஜாவின் முகம் சிவந்தது. இவள் பேச்சு பொய்யென்றால் வாய்க்கால் மாந்தோப்புக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மூக்காயியின் ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. இருந்தாலும் அவள் நிதானமாக ஒரு கயிறும் ஒரு கூடை எலுமிச்சம்பழமும் கேட்டாள்.

அரண்மனை முற்றம் முழுக்கச் சதுரக் கல் பாவியிருந்தது. ஒரு கல்லுக்கு நூறு கோல் என்று கணக்கு வைத்தாள். நடுக்கல் அரண்மனை. அங்கிருந்து இரண்டு சாலைகளையும் கரியால் கோடாக இழுத்தாள். மதகு இருக்கும் இடத்தில் ராஜாவையே கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, ஊர் இருக்கும் இடத்துக்கு இழுத்துக் கட்டினாள். கொத்தனார் கல்லை எண்ணினார். வடக்குச் சாலையைக் கயிறு தொட்டது ஆறாவது கல்லில், கிழக்குச் சாலையைப் பன்னிரண்டாவது கல்லில்.

ராயர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது பேச்சு எப்படி ஒத்துவரும் என்று கேட்டார்.

"நீங்களே நடந்து பாருங்க ஐயா," என்று கூடையை நீட்டினாள் மூக்காயி.

ராயர் மதகில் தொடங்கினார். கிழக்கே இரண்டு கல், தெற்கே ஒரு கல், அங்கே ஒரு பழம். பழம் கயிற்றின் மேலேயே உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. சபை சிரிக்கத் தொடங்கியது. எட்டாவது பழத்தை வைத்தபோது ராயர் கருவேலங்குளத்தின் மேலேயே நின்றார்.

"கொத்தனாருக்குப் பாலம் எங்க வரும்னு தெரியணும்," என்றாள் மூக்காயி. "வெட்டுறவருக்கு எந்தப் பக்கம் சாயணும்னு தெரியணும். மகாராஜாவுக்கு எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு தெரிஞ்சாப் போதும். அவங்கவங்களுக்கு வேண்டியதைச் சொன்னேன். கோடு ஒண்ணுதான்."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். வாய்க்கால் முடியும்வரை ராயர் மண் சுமக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார்.

நான்கு மாதத்தில் ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஜனங்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அழுதார்கள். மூக்காயி முதல் செம்பை மொண்டு, மண் கூடையோடு நின்ற ராயரிடம் கொண்டுபோனாள். அவள் கிண்டல் செய்வதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ கைகூப்பினாள்.

"நான் ஆயிரம் சொல்லியிருந்தாலும் சந்தேகம் போயிருக்காது. நீங்க நடந்து காட்டினதாலதான் ராஜா நம்பினாரு. எங்க ஊரே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு ஐயா."

ராயர் கூடையை இறக்கிவைத்தார். இரண்டு கையாலும் செம்பை வாங்கி, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், தலைகுனிந்தபடியே குடித்தார்.