கடைசி இலையில் உட்கார்ந்த மந்திரி

“அம்மா, நம்ம நாட்டுல நெல்லு விளைய மாட்டேங்குது” என்றார் வேளாண் மந்திரி சோணாசலம்.

மடத்தை நடத்தும் தில்லையம்மா தோட்டத்தில் கத்தரிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“விளையலைன்னா என்ன?”

“வர்ற தை மாசம் களம் நிரம்பலைன்னா ராஜா என்னை ஏர்ல பூட்டிடுவாரு.”

மந்திரி வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த ராஜா சொன்னதைச் செய்கிற மனிதர். போன வருஷம் சபையில் குறட்டை விட்ட சேனாபதியை அரண்மனை வாத்துகளை மேய்க்க அனுப்பினார். சேனாபதி இன்னும் மேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வாத்துகள் இப்போது வரிசையாக நடக்கின்றன என்று கேள்வி.

சோணாசலத்துக்கு அறுபது வயது. இடது முழங்கால் மடங்காது. தில்லையம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. தன்னைவிடச் சின்னவளிடம் போய் யோசனை கேட்பதா என்று ஒரு மாதம் வீம்பாக இருந்தார். பிறகு ஒரு நாள் ஏர் இழுக்கும் காளைகளைக் கிட்டத்தில் பார்த்தார். அன்றே கிளம்பி வந்துவிட்டார்.

“இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?”

மந்திரிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“என்ன செய்யலைன்னு கேளுங்க. விதை பார்க்க ஒரு அதிகாரி. எரு பார்க்க ஒருத்தர். மாட்டுக்குக் கொம்பு ஒழுங்கா இருக்கான்னு பார்க்க ஒருத்தர். தினமும் ஒவ்வொரு ஊருக்கும் யாராச்சும் போயிட்டே இருக்காங்க. அவங்க ஒழுங்காப் போறாங்களான்னு பார்க்க நானும் போறேன்.”

“போனா?”

“மரியாதைக்கு ஒரு குறையும் இல்லம்மா.”

அது உண்மை. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்கத்து ஆள் ஊருக்குள் வந்தால், அவர் எல்லை தாண்டும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது. கை கட்டி நிற்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இளநீர் வெட்டித் தர வேண்டும். பழைய வழக்கம். அதை மீறியவர் யாருமில்லை. யோசித்துப் பார்த்தவரும் யாருமில்லை.

தில்லையம்மா ஒரு கட்டு நாற்றை எடுத்து நீட்டினார்.

“இதை மட்டும் நட்டுக் குடுங்க. சாயங்காலம் பேசலாம்.”

மந்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். குடியானவர் வீட்டுப் பிள்ளைதான் அவர். காலைப் பலகாரத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

குனிந்தார். ஒரு சீடன் வந்தான்.

“அம்மா அனுப்பினாங்க. குழி எவ்வளவு ஆழம்னு பார்க்கணும்.”

மந்திரி எழுந்து கை கட்டி நின்றார். அம்மாவின் ஆள் என்றால் அம்மாவுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுக்கத்தானே வேண்டும். அவன் எல்லாக் குழிகளையும் பார்த்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். நிதானமாகக் குடித்துவிட்டுப் போனான்.

குனிந்தார். இன்னொருவன் வந்தான்.

“நாத்து எந்தத் திசையைப் பார்த்து நிக்கப்போகுதுன்னு கேட்டாங்க.”

“கத்தரி நாத்துக்குத் திசை ஏதுப்பா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. கேட்கச் சொன்னாங்க, கேட்டேன்.”

அப்புறம் நாற்றுக்குப் பாட்டுப் பிடிக்குமா என்று பார்க்க ஒருவன் வந்தான். அவனுக்குக் குரலும் சரியில்லை. நடுவில் தில்லையம்மாவே வந்து, எப்படிப் போகிறது என்று விசாரித்தார். ரொம்பப் பிரமாதமாகப் போகிறது என்றார் மந்திரி. அம்மாவிடம் வேறு எப்படிச் சொல்வது?

உச்சி வெயிலில் கடைசியாக ஒருவன் வந்தான்.

“இன்னும் ஏன் ஒரு நாத்துகூட நடலைன்னு விசாரிக்க வந்திருக்கேன்.”

மந்திரிக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் நாற்றுக்கட்டு வைத்த இடத்திலேயே வாடிக் கிடந்தது.

“உங்க ஆளுங்க கொஞ்சம் பேசாம உட்கார்ந்திருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன் அம்மா.”

“ஆமா” என்றார் தில்லையம்மா. “உங்க ஆளுங்க இப்ப எந்தெந்த ஊர்ல இருப்பாங்க?”

மந்திரி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் விரல் நின்றுவிட்டது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் குதிரையில் ஏறினார்.

மார்கழியில் மறுபடியும் வந்தார்.

“தச்சன் வந்து நுகத்தடிக்கு என் கழுத்தை அளந்துட்டுப் போயிட்டான் அம்மா.”

“ஏன், என்ன ஆச்சு?”

“நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் திருப்பிக் கூப்பிட்டுட்டேன். விதைக்காரர், எருக்காரர், மடையில நின்னு தண்ணியை முறை வச்சுத் திறந்துவிடற ஆளுங்க, எல்லாரும் வீட்டுல தாயம் ஆடறாங்க. அரசாங்கக் கச்சேரியைப் பூட்டிட்டேன். சனங்க விஷயத்துல தலையிடறதே இல்ல.”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“நீங்க எங்கம்மா எதையாச்சும் சொல்றீங்க? நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.”

“பயிர் எப்படி?”

மந்திரியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. “இடுப்பு உசரம் வந்துச்சும்மா. நிம்மதியா வேலை செஞ்சாங்க, வந்துச்சு. இப்பக் கதிர் பால் பிடிக்கற சமயம். ஏரியில பாதித் தண்ணிதான் இருக்கு. ஏரிக்குப் பக்கத்துல இருக்கற தலைமடை ஊர்க்காரங்க வாய்க்காலை அடைச்சு வச்சுக்கிட்டாங்க. அவங்க வயல்ல வரப்பு மேல வழியுது. வாய்க்கால் முடியற கடைமடையில நிலம் வெடிச்சுக் கிடக்கு. அந்த ஊர் ஆம்பளைங்க எல்லாம் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. மண்ணு வெட்டறதுக்கு இல்ல.”

“நீங்க போனீங்களா?”

“அதான் சொன்னேனே. தலையிடறதில்ல.”

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தில்லையம்மா எழுந்தார். சமையல்கட்டுக்குள் போய்ப் பரிமாறுகிற பட்டமுத்துவிடம் என்னவோ சொல்லிவிட்டு வந்தார்.

“சாப்பிட வாங்க. கடைசி இலையில உட்காருங்க.”

மந்திரிக்கு லேசாக வருத்தம்தான். ஆனால் விடியலில் கிளம்பியவர், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. முருங்கைக்காய் சாம்பார் கூடம் முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

பட்டமுத்து சோற்றுக் குண்டானையும் சாம்பார் வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் இலைக்குப் பக்கத்தில் வைத்தான். தூணில் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

முதல் இலையில் தாண்டவன் என்கிற சீடன். சற்றுநேரம் காத்திருந்தான். பிறகு தானே போட்டுக்கொண்டான். முருங்கைக்காய் நன்றாக வெந்திருந்தது. இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டான். அடுத்தவன் அவனைப் பார்த்தான், வாளியைத் தன் பக்கம் இழுத்து அவனும் அப்படியே செய்தான். வரிசையின் நடுவில் இருந்தவர்களுக்குக் கறிவேப்பிலை கிடைத்தது.

கடைசி இலைக்குக் காலி வாளிதான் வந்தது.

மந்திரி எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் கோடியில ஒரு ஆள் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?”

“வாளி என் பக்கத்துலதானே இருந்துச்சு ஐயா” என்றான் தாண்டவன். கெட்ட பையன் இல்லை. நிஜமாகவே அவனுக்கு விளங்கவில்லை.

மந்திரி பட்டமுத்து பக்கம் திரும்பினார்.

“நீ என்னப்பா செய்யறே?”

“சும்மா இருக்கேங்க.”

“ஏன் பரிமாறலை?”

“யாருக்கு எவ்வளவு பசின்னு அவங்கவங்களுக்குத்தானே தெரியும். நடுவுல நான் எதுக்குங்க? தலையிடறதில்லைன்னு வச்சுக்கிட்டேன்.”

மந்திரிக்கு வந்ததே கோபம்.

“உன்னை யாரு வயித்துக்குள்ள போய்ப் பார்க்கச் சொன்னா? கரண்டியை எடுத்துக்கிட்டு முதல் இலையிலேருந்து கடைசி இலை வரைக்கும் நடக்கறதுக்கு என்ன கேடு? அதுகூட முடியலைன்னா உனக்கு எதுக்குய்யா இங்க ஒரு வேலை?”

பந்தி முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மந்திரியையே பார்த்தது.

மந்திரி அந்தக் காலி வாளியைப் பார்த்தார்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பந்தியில் பாதியில் எழக்கூடாது என்று பக்கத்து இலைக்காரர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். மந்திரி உதறிவிட்டு வெளியே ஓடினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. குதிரை கிளம்புகிற சத்தம் கேட்டது.

பட்டமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.

“உள்ள இன்னொரு வாளி சாம்பார் தனியா எடுத்து வச்சிருக்கேனே அம்மா. ஓடிப்போய்க் கூப்பிடவா? பாவம், பசியோட போறாரு.”

“வேண்டாம்” என்றார் தில்லையம்மா. “அந்தப் பசி அடங்கறதுக்குள்ள கடைமடைக்குப் போய்ச் சேரட்டும்.”