பத்தொன்பது நாளாய் அதே எண்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு ஓட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் இருபது முப்பது பேர் அங்கே கூடிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள்.

அதை நடத்தியவர் பெயர் இன்பவல்லி. முப்பத்தெட்டு வயது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். அதனால் மூத்தவர்களும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

தெய்வானைக்கு ஐம்பத்தொரு வயது. பக்கத்து ஊர்த் தபால் ஆபீசில் போஸ்ட் மாஸ்டர். மூன்று வருடமாக டீச்சரிடம் வருகிறாள். எடையைக் குறைக்கக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்துகொண்டு எழுபது நாள் ஆகியிருந்தது. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு அவள் மௌனத்துக்கு வரவில்லை. எல்லோரும் எழுந்து சாப்பாட்டுக்குக் கை கழுவும் நேரத்தில்தான் வந்தாள். டீச்சர் கொல்லைப்புறத்தில் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நின்னு போச்சுங்க டீச்சர்."

"என்ன நின்னுச்சு?"

"எடை. நூத்தியெட்டுப் புள்ளி ஆறு. பத்தொம்பது நாளா அதே எண்ணு."

"எப்பெப்பப் பார்க்கறீங்க?"

"எந்திரிச்சதும் பார்ப்பேன். குளிச்சுட்டு, சாப்பிட்டுட்டு, படுக்கப் போறப்ப ஒருக்கா. நேத்து வளையலைக் கழட்டி வெச்சுட்டுக்கூட ஏறிப் பார்த்தேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இது நிறையப் பேருக்கு வர்றதுதான், கொஞ்ச நாள் நின்னுட்டு அப்புறம் தானா இறங்கும்னாரு. வாரத்துக்கு ஒரு தரம், திங்கக்கிழமை பார்த்தாப் போதுமாம். எனக்கு நம்பிக்கை வரலீங்க. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திட்டேன்."

நிறுத்திய நாலாம் நாள், வியாழக்கிழமை, பதிவுத் தபால் போட வந்தவர் கண் முன்னாலேயே முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். தகவல் கேட்டு அவள் கணவர் சின்னராசு வொர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வேளையைக்கூட விடக்கூடாது, பருப்பும் பன்னீரும் முதலில் உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் சத்தம் போட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விழுந்தது பெருசில்லீங்க. இத்தனை பண்ணியும் நான் தோத்துட்டனா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

டீச்சர் கடைசி டம்ளரையும் கவிழ்த்தார்.

"மூட்டு வலி எப்படி இருக்கு?"

"அது பரவால்லீங்க. நேத்து மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். அதை விடுங்க."

"சர்க்கரை மாத்திரை?"

"பாதியாக் குறைச்சுட்டாங்க. அதை விடுங்க டீச்சர், எண்ணு நகரவே மாட்டேங்குது."

"தூக்கம்?"

"படுத்தாத் தூங்கிடறேன். முன்ன மாதிரி மூச்சு முட்டி எந்திரிக்கறதில்லை. நான் கேட்டது என்னன்னா..."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"வாங்க."

கூடத்தில் பந்திப்பாய் விரித்திருந்தது. வரிசையின் கடைசியில் இரண்டு பேருக்கு இடம். டீச்சர் உட்கார்ந்தார். பக்கத்தில் தெய்வானையும் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

பரிமாறுகிற ரங்கம்மாள் மற்றவர்களுக்குச் சோறும் கீரைக் கடைசலும் வைத்தாள். டீச்சர் இரண்டு சின்னக் கிண்ணங்களைக் கேட்டு வாங்கி, இரண்டிலும் குழைந்த பாசிப்பருப்பு, நான்கு துண்டு பன்னீர், ஒரு கரண்டி தயிர் என்று ஒரே அளவாகப் போட்டார். ஒன்றைத் தெய்வானை முன்னால் வைத்தார். இன்னொன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

தெய்வானைக்கு உள்ளே திக்கென்றது. பந்தியில் எல்லோரும் முடித்த பிறகு ஒன்றாக எழுவது அங்கே வழக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால், தன்னால் மற்றவர்கள் காத்திருக்கக் கூடாதே என்று இதே பருப்பை அவசரமாக விழுங்கிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

முதல் வாய் எடுத்தாள். டீச்சரும் எடுத்தார். அவள் மெல்லும் வரை டீச்சரும் மென்றார். அவள் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய்க்குக் கை போனது.

ஐந்தாவது வாயில் மற்ற எல்லோருக்கும் இலை காலியாகிவிட்டது.

"எனக்கு அரைமணி ஆகுங்க டீச்சர்," என்று தெய்வானை மெதுவாகச் சொன்னாள். "நீங்கெல்லாம் எந்திரிங்க."

"எனக்கும் அரைமணி ஆகும்."

ரங்கம்மாள் வாசல்படியில் வந்து நின்றாள். "பாத்திரம் தேய்க்கணுமுங்க."

"தேய்க்கலாம் ரங்கம்மா. உட்காருங்க."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

தெய்வானைக்கு முகம் சுட்டது. "வீட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு, அடுப்படியில நின்னுட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்குவேன். ஆபீசுலயும் ஆளுக வந்துட்டே இருப்பாங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல உக்காந்து சாப்பிட்டதே இல்லீங்க டீச்சர். இப்படி ஊரே பார்த்துட்டு இருக்க, எனக்கு வெக்கமா இருக்கு."

"மெல்லுங்க," என்றார் டீச்சர்.

அவள் மென்றாள்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் சோறு காய்ந்துபோன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். சாப்பாட்டுக்கு எழுந்தபோது விட்டுவந்த காலை மௌனம் பந்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே வாய்க்காலில் யாரோ துணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பருப்பில் சீரகம் இருப்பது ஏழாவது வாயில் அவளுக்குத் தெரிந்தது. எட்டாவதில் வழக்கமாக வரும் நெஞ்சடைப்புக்குக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். அதுவும் இறங்கியது.

கிண்ணத்தில் ஒரு துண்டு பன்னீர் மிச்சம் இருக்கும்போது கையை எடுத்தாள். டீச்சரும் ஒரு துண்டை விட்டுவிட்டு நிறுத்தினார்.

"போதுங்களா?"

"போதுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். தெய்வானை ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, கை கழுவி, நேராகக் கிணற்றடிக்குப் போய் நின்றாள். அங்கே நிற்பதற்கு அவளுக்குப் பயம்தான். ஆனால் மறுபடியும் ஓடி வருவதை எல்லோரும் பார்ப்பதைவிட அங்கேயே நின்றுவிடுவது மேல் என்று தோன்றியது.

கால்மணி நேரம் போனது. ஒன்றும் மேலே வரவில்லை. வயிறு அமைதியாக இருந்தது. அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

டீச்சர் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து சுவர்மேல் வைத்தார். "சாப்பிட்டு அரைமணி கழிச்சுத்தானே தண்ணி குடிக்கணும்? இங்கேயே இருக்கட்டும்."

"தங்கிருச்சுங்க டீச்சர். கொஞ்சம்கூடப் புரட்டலை."

"ம்."

"நாளைக்கு வீட்டுல அவரைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு இப்படியே சாப்பிடறேன். அவரு எந்திரிக்க மாட்டாரு. நான்தான் எந்திரிங்க எந்திரிங்கன்னு விரட்டுவேன்."

டீச்சர் சிரித்தார்.

தெய்வானை கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே. எண்ணு அங்கயேதான் நிக்குது. நான் தோத்துட்டனா, இல்லீங்களா?"

"உங்க நாற்காலி எங்கே?" என்று டீச்சர் கேட்டார்.

தெய்வானைக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கொல்லைச் சன்னல் வழியாகக் கூடத்துக்குள் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்காகவே வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த அகலமான இரும்பு நாற்காலி. கைப்பிடி இல்லாதது. பந்தி நடக்கும்போதும் அதில்தான் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். அப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. இன்றைக்கு வந்த பதற்றத்தில் அவள் அதைத் தேடவே இல்லை.

நாற்காலியில், மேட்டுத் தெரு மாராக்கா இரண்டு கால்களையும் நீட்டி, வீங்கிய முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.

"அதுல மாராக்கா உக்காந்திருக்காங்களே."

"ஆமா. காலையிலிருந்து."

தெய்வானை சன்னலைவிட்டு நகரவில்லை.

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க," என்றார் டீச்சர். "அவங்களை எழுப்பிடறேன்."