செவந்தி கக்கின வெளிச்சம்

ஒரு ஊர்ல ஒரு மேகம் இருந்துச்சு. ஊருன்னா இங்க இல்ல, நம்ம நிலாவுக்கெல்லாம் ரொம்ப அந்தாண்ட. மழை மேகமும் இல்ல கண்ணு, தூசியும் புகையுமா கரேல்னு ஒரு மேகம். பேரு முகிலாயி. அவ வயித்துல ஒரு குட்டி நட்சத்திரம் பொறந்துச்சு. செவசெவன்னு இருந்ததால செவந்தின்னு கூப்பிட்டா. ம் சொல்லு... ம், சமத்து.

செவந்திக்கு ஓயாத பசி. முகிலாயி தன் தூசியையே பிசைஞ்சு ஊட்டுவா. அது நேரா வாய்க்குள்ள போகாது, செவந்தி இடுப்பைச் சுத்திச் சுத்தி வந்துதான் உள்ள போகும். அதுல அவளும் கிறுகிறுன்னு சுத்துவா. அப்புறம் மேலயும் கீழயும் புஸ்ஸ்ஸ்னு கக்கிடுவா! உன்னை மாதிரி ரசஞ்சாதத்தைக் கன்னத்துல அடக்கி வெச்சுக்கிற ஆளு இல்ல அவ.

"ஐயோ, ஊட்டினதெல்லாம் வெளிய போகுதே, என் பிள்ளை எப்படி வளரும்?"னு முகிலாயிக்கு ஒரே தவிப்பு. இருட்டை எடுத்து இறுக்கிப் போத்திவிட்டா. புஸ்ஸ்! போர்வை ஓட்டையாப் போச்சு. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஊட்டிப் பாத்தா. செவந்தி வீல்னு அழுதா, கக்குறதும் நிக்கல. மூணாவதா, ரெண்டு கையாலயும் மேலயும் கீழயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டா.

அப்போதான் வந்துச்சு வினை. கக்க முடியாம செவந்தி விர்ர்ர்ருனு சுத்துறா. வர்ற சோறெல்லாம் தெறிச்சு ஓடுது.

"அம்மா, தல சுத்துதும்மா... பிஞ்சு போயிருவேன் போலருக்கும்மா!"

முகிலாயிக்கு அப்பத்தான் புரிஞ்சுது. கக்கினாதான் சுத்து அடங்கும், அடங்கினாதான் சோறு உள்ள போகும். ஆனா கையை எடுத்தா, அந்தக் கக்கல் முகிலாயியையே கிழிச்சுக் கலைச்சிரும். அதுவும் அவளுக்குத் தெரிஞ்சுது.

"நல்லாக் கக்குடி என் தங்கம்"னு கையை எடுத்துட்டா.

புஸ்ஸ்ஸ்ஸ்! தூரத்துல இருந்த தூசியில மோதி, பளிச் பளிச்சுனு வெளிச்சம் பூத்துச்சு. செவந்தி சிரிச்சா, தின்னா, வளந்தா. முகிலாயி மெலிஞ்சுக்கிட்டே வந்தா.

"எங்கம்மா போற?"

"எங்கயும் போகலடி. பக்கத்துலதான் இருக்கேன்."

ஒரு நாள் இருட்டு மொத்தமா விலகி, செவந்தி ஊருக்கே தெரிஞ்சா. எவ்ளோ அழகு! ஆனா அம்மாவைக் காணோம். தேடித் தேடிப் பாத்தா, இடுப்பைச் சுத்திக் கொஞ்சம் தூசிதான் மிச்சம். அது மெதுமெதுவா உருண்டு திரண்டு, நம்ம பூமி மாதிரி ஒரு தரையாச்சு. இன்னைக்கும் செவந்தி அந்தத் தரைக்குத்தான் சூடு குடுக்குறா, தனக்கு ஊட்டின கை குளிரக் கூடாதுன்னு.

அழாத கண்ணு. நம்ம தரையும் அப்படி ஒரு அம்மாவோட மிச்சந்தான். அதான் நீ உருண்டு பாயை விட்டுப் போனாலும் தாங்கிக்குது. ம்?... ம் காணோமே.

சரி, கதை கரைஞ்சு போச்சு. தூங்கு தூங்கு.