சுவருக்குள்ளே கத்திய கோழி

பொழுது சாய்ந்ததும் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஒரு கோழி கத்துகிறதே, சுவர்க்கோழி, அது முட்டை போட்டு யாராவது எடுத்ததுண்டா? எடுத்திருக்க முடியாது. நகத்தளவு இருக்கிற பூச்சி அது. அதற்குப் போய்க் கோழி என்று பேர் வந்ததே ஒரு பெரிய அநியாயத்தால்தான்.

அந்தக் காலத்தில் பறவை, பூச்சி எல்லாமே வாயால் பேசின, வாயால் பாடின. மழைக்காலம் பிறக்கும் முன் ஒவ்வொரு உயிரும் தனக்கென்று ஒரு பாட்டுக் கட்டியாக வேண்டும். பாட்டு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது.

ஒரு மண்சுவர் இடுக்கில் கரியன் என்ற பூச்சி குடியிருந்தான். ஆட்டுக்கல்லுக்கு அடியில் இருந்த பூச்சிப்பெண்ணின் மேல் அவனுக்கு ஆசை. அவளோ, நீயாகக் கட்டின பாட்டோடு வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கரியனிடம் அரை வரிகூட இல்லை.

மற்றவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டுவரக் கிளம்பினான். கண்ணை மூடிச் சும்மா இரு, மெட்டு தானாக வரும் என்றது குயில். மூடினான், வந்தது தூக்கம்தான். தவளைகளோ, தனியாக இருந்தால் தங்களுக்கு ஒன்றும் வராது, ஒருவன் ஒரு சொல்லைத் தூக்கிப்போட்டால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அப்படியே பாட்டாகிவிடும் என்றன. கரியன் தூக்கிப்போட்டால் பிடித்துக்கொள்ள ஆள் ஏது? மரங்கொத்தி, முதலில் தாளத்தைத் தட்டு, பாட்டு பின்னாலேயே வந்துவிடும் என்றது. கரியன் சுவரில் தலையை முட்டி முட்டிப் பார்த்தான். தலை வீங்கியது.

சுவரை ஒட்டி, ஒரு பழைய கூடையில் செம்பி என்ற கோழி அடை உட்கார்ந்திருந்தாள். கோழி பூச்சியைக் கொத்தாத காலம் அது. கரியனுக்கு அவள் மதினி முறை.

"என்ன கொழுந்தனாரே, கொண்டை முளைக்குதா?" என்று வீக்கத்தைப் பார்த்துக் கேலி பண்ணினாள்.

அவள் வாயைத் திறந்ததும்தான் கரியனுக்கு அந்த யோசனை வந்தது. அடைக்கு உட்காரும் முன்பு, முட்டை இட்டதும் மதினி ஒரு கொக்கரிப்புக் கொக்கரிப்பாளே, அதில் எத்தனை ஏற்றம், எத்தனை இழுப்பு! இப்போது அவள் அதைப் பாடுவதே இல்லை. சும்மா கிடக்கிற பாட்டுதானே, நாம் எடுத்துக்கொண்டால் என்ன?

மறுநாள் செம்பி இரை பொறுக்கக் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து, கரியன் கூடைக்குப் பின்னால் சுவருக்குள் நின்று அதைப் பாடிப் பழகினான். ஒரு இழுப்புக்கூடப் பிசகவில்லை. நெஞ்சு நிறைந்து போய் இன்னும் பலமாகப் பாடினான்.

வேலியோரம் போய்க்கொண்டிருந்த கீரி நின்றது.

கரியன் கண் முன்னாலேயே எல்லாம் நடந்தது. கூடை கவிழ்ந்தது. முட்டைகள் நொறுங்கின. அவன் பாட்டின் பாதியில், திறந்த வாயோடு நின்றான். கீரி சாவகாசமாகத் தின்று முடித்து, மீசையை நக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து, "நல்லாப் பாடினே" என்றது. சொல்லிவிட்டுப் போய்விட்டது.

செம்பி வந்தாள். ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக அலகால் புரட்டிப் பார்த்தாள். அவற்றில் ஈரம்கூடக் காயவில்லை.

"மதினி, நான்தான்" என்றான் கரியன். "உங்க பாட்டைத்தான் பாடினேன்."

"பாட்டா?" செம்பி அவனையே பார்த்தாள். "அது பாட்டு இல்லை கொழுந்தா. முட்டை இருக்குன்னு சொல்றது. நான் என்னிக்காவது கூடைக்கிட்ட நின்னு கத்தியிருக்கேனா? இட்டுட்டு, தூரமா குப்பைமேட்டுக்குப் போய்த்தானே கத்துவேன்? தேடுறவன் அங்கே போய்த் தேடட்டும்னு."

கரியன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தான். காற்றுதான் வந்தது. அதிர்ச்சியில் அடைத்த தொண்டை அடைத்ததுதான்.

அப்போதுதான் அவன் அதைக் கண்டான். கூடை கவிழ்ந்தபோது ஒரே ஒரு முட்டை உருண்டுவந்து சுவர் இடுக்கில் சிக்கியிருந்தது. செம்பி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. எப்படிச் சொல்வது? உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கிய வேகத்தில் இறக்கையோடு இறக்கை உரசியது.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

செம்பி திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்படியொரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. கரியனும் கேட்டதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று அவனே சுற்றும் முற்றும் பார்த்தான். சத்தம் வந்த பக்கம் செம்பி நடந்தாள். முட்டை இருந்தது. சூடு ஆறவில்லை. உருட்டி எடுத்து மேலே உட்கார்ந்தாள்.

ஆட்டுக்கல்லுக்கு அடியில் இருந்த பெண்ணுக்கும் அது கேட்டது. யாரிடமும் இல்லாத பாட்டாக இருக்கிறதே என்று அவளாகவே தேடிக்கொண்டு வந்துவிட்டாள். தவளைகள் சும்மா விடுமா? சுவருக்குள்ளே கோழியாகக் கத்தி முட்டையைத் தொலைத்தவன் என்று குளத்துக்குக் குளம் சொல்லிச் சொல்லி, சுவர்க்கோழி என்ற பேரே நிலைத்துவிட்டது.

அன்று முதல்தான் சுவர்க்கோழி இறக்கையால் பாடுகிறது. நாம் பக்கத்தில் ஓர் எட்டு எடுத்து வைத்ததும் வெடுக்கென்று நிறுத்துவதும் அன்று முதல்தான். அந்த ஒற்றை முட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு செம்பி அவனிடம் கேட்டது இவ்வளவுதான்:

"பாடு கொழுந்தா, வேண்டாங்கலை. யாரோட காலடியாவது கேட்டா மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கோ."