மூங்கிலில் வந்த சுமை

ஜமீன்தார் சுட்ட காட்டெருமை கிடுகிடு பள்ளத்தில் போய் விழுந்தது. ஆட்கள் அதை மூங்கிலில் கட்டித் தூக்கி வரும்போது பாறை வழுக்கி, சுமந்தவர்களில் ஒருவனான நஞ்சனின் தம்பி கோரன் அதனடியில் நசுங்கிச் செத்தான்.

"பொணத்தை நாளைக்கு எடுத்துக்கலாம். எருமை பொழுது சாயறதுக்குள்ள பங்களாவுக்கு வந்தாகணும். துரை காத்திருக்கார்" என்றார் ஜமீன்தார்.

நஞ்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். "ஆகட்டும் சாமி. இன்னைக்கு வேட்டையில எத்தனை விழுந்துச்சுன்னு துரை கேட்டா, ஒண்ணுன்னு சொல்லட்டுமா, ரெண்டுன்னு சொல்லட்டுமா?"

சுமந்து வந்தவர்கள் எல்லாரும் ஜமீன்தாரின் முகத்தையே பார்த்தார்கள். அவர் எருமையை அவிழ்க்கச் சொல்லிக் கைகாட்டினார்.

அதே மூங்கிலில் தூளி கட்டி, தம்பியைக் கிடத்தி, நஞ்சன் மற்றவர்களோடு தோள் கொடுத்து மேடேறினான். மேலே கோரனின் பெண்டாட்டி, கறிப் பங்கு வாங்கச் சட்டியோடு நின்றிருந்தாள்.