குப்பைமேட்டுச் சிம்மாசனம்

அரசர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் சிம்மாசனம் இருக்கும் என்று, படித்தவர்கள் உட்படப் பலர் நம்புகிறார்கள். வருந்தத்தக்க பிழை. சிம்மாசனம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அரசர் இருப்பார். கொன்றைமங்கலத்தில் இது சட்டமாகவே இருந்தது. சிம்மாசனத்தில் நிமிர்ந்து அமர்ந்து அரசர் சொன்னால் அது ஆணை. மற்றபடி அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வெறும் பேச்சு.

ஒரு புதன்கிழமை காலை அரசர் கோமளவர்மர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது, எப்போதோ ஒட்டவைத்த கரண்டியின் காம்பு கழன்று மடியில் விழுந்தது. பாயசமும் விழுந்தது. ஈர வேட்டியோடு நேரே போய்ச் சிம்மாசனத்தில் ஏறினார்.

“உடைந்தது, ஒட்டியது, முட்டுக் கொடுத்தது எதுவும் இனி என் அரண்மனையில் இருக்கக் கூடாது. எல்லாம் குப்பைமேட்டுக்குப் போகட்டும்.”

தளபதி மாதேவன் உடனே எழுந்தார். அவைப் புலவர் ஏகாம்பரக் கவிராயர் அவருடைய மீசையைக் கேலி செய்து ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். ஊரில் மாடு மேய்ப்பவர்கள்கூட அதைப் பாடினார்கள்.

“அரசே, கவிராயருடைய வலது காலும் உடைந்து ஒட்டியதுதான்.”

“அப்படியா? வெள்ளிக்கிழமைக்குள் அவரும் போகட்டும்.”

குப்பைமேட்டில் பாட்டுப் பாடிக் கவிராயர் பிழைக்க முடியாது. அடுத்த ஊர் பத்துக் காத தூரம். விந்திக்கொண்டே போனால் தீபாவளிக்குத்தான் போய்ச் சேரலாம். ஆனாலும் கும்பிட்டார்.

“உத்தரவு, அரசே. ஆனால் மூத்தவர் முன்னே போவதுதான் மரியாதை. தாங்கள் அமர்ந்திருக்கும் சிம்மாசனத்தின் பின்னங்கால் தங்கள் தாத்தா காலத்தில் உடைந்தது. இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் தெரியும்.”

அரசர் குனிந்து பார்த்தார். தெரிந்தது. சொன்ன சொல்லை மாற்றுவது கௌரவக் குறைவு என்று இறங்கிக்கொண்டார். நான்கு பேர் சிம்மாசனத்தைத் தூக்கிப் போய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். போட்ட வேகத்தில் பட்டை கழன்றது.

மறுநாள் காலை அரசர் சமையல்காரரிடம் இட்லி கேட்டார்.

“இது பேச்சா, ஆணையா அரசே?”

“ஆணை.”

“அப்படியென்றால் அமர்ந்து சொன்னால் நல்லது.”

பசியோடு அரசர் குப்பைமேட்டுக்கு நடந்தார். சபையும் பின்னாலேயே போனது. சிம்மாசனத்தில் ஏறினார். அது இடப்பக்கம் சாய்ந்தது, அரசரும் சாய்ந்தார். அரசர் சாய்ந்திருக்க அடுத்தவர் நிமிர்ந்து நிற்கலாமா? சபை முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது. விசுவாசத்தில் யாருக்கும் சளைக்காத தளபதி, காது தோளில் படும்வரை சாய்ந்தார்.

“இட்லி,” என்றார் அரசர்.

“நிமிர்ந்து சொல்ல வேண்டும், அரசே,” என்றார் அமைச்சர் சாய்ந்தபடி.

உச்சிவேளை வந்தது. இட்லி வரவில்லை.

“யாராவது இதற்கு முட்டுக் கொடுங்களேன்.”

“முட்டுக் கொடுப்பது தடை செய்யப்பட்டதாயிற்றே,” என்றார் தளபதி.

“அரண்மனையில்தான் தடை,” என்றார் கவிராயர். “இது குப்பைமேடு. உடைந்ததும் ஒட்டியதும் இருக்க வேண்டிய இடமே இதுதான்.”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வலது காலை மடக்கி, முழங்காலைச் சிம்மாசனத்துக்கு அடியில் கொடுத்தார். சிம்மாசனம் நிமிர்ந்தது. அரசர் நிமிர்ந்தார்.

“நேற்றைய ஆணை ரத்து,” என்றார். “இட்லி கொண்டு வாருங்கள்.”

இட்லியை எடுத்துவர ஆள் ஓடியதும் அரசர் கீழே எட்டிப் பார்த்தார்.

“ஏன் கவிராயரே, என் பாரத்தைத் தாங்க அந்த உடைந்த கால்தானா கிடைத்தது? நல்ல காலைக் கொடுத்திருக்கலாமே?”

“அதை எப்படி நம்புவது, அரசே? அது இன்னும் ஒருமுறைகூட உடைந்து தேறவில்லையே.”

அரசர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். கவிராயரின் கால் அதையும் தாங்கியது. அன்று மாலையே சிம்மாசனத்துக்குப் புதுப் பட்டை போடப்பட்டது. கரண்டிக்கும் காம்பு வந்தது. கவிராயருக்குப் பட்டுச் சால்வை ஒன்று கிடைத்தது.

தளபதியின் கழுத்து மட்டும் நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை அவர், கவிராயருக்குக் காலைக் கட்டிய அதே வைத்தியர் வீட்டு வாசலில் நின்றார்.