பெட்டியில் இருந்ததிலேயே சின்னது

பாத எலும்பு வைத்தியத்தில் டாக்டர் ரெபெக்காவுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் குற்றாலிங்கம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆரம்பத்தில் அதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பிறகு போய்விட்டது.

அன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் இருவரும் ஒச்சம்மாளின் பாதத்தைத் திறந்தார்கள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் ஒச்சம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன் படியில் விழுந்து பாதம் முறிந்தது. பிளேட் வைத்து ஸ்குரூ போட்டவர் குற்றாலிங்கம்தான்.

ஒரு ஸ்குரூவின் முனை எலும்பைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அரை நெல் அளவுதான். ஒச்சம்மாள் அடியெடுத்து வைத்தபோதெல்லாம் அது பக்கத்து மூட்டைத் தேய்த்திருக்கிறது. தேய்ந்தது இனி வளராது. ரெபெக்கா ஸ்குரூவைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார்.

குற்றாலிங்கம் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். அலட்சியக்காரர் இல்லை. அதுதான் இன்னும் வருத்தம்.

ஒச்சம்மாளை வார்டுக்குக் கொண்டுபோன பிறகு குற்றாலிங்கம் கேட்டார்.

"இனிமே அந்தம்மா கடையில நிக்க முடியுமா, மேடம்?"

"வலி குறையும். நாள் பூரா நிக்க முடியாது, சார். அந்த வேலை போனது போனதுதான்."

"ஸ்குரூ பெட்டியில இருந்ததிலயே சின்னதைத்தான் போட்டேன்."

"தெரியும். ஆம்பளை எலும்பை வச்சு அளவெடுத்த பெட்டி அது. அதுல சின்னதும் அவங்களுக்குப் பெரிசு."

"எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ரெபெக்கா திரும்பினார். கத்திகளைக் கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் நூர்ஜஹானின் காலைக் காட்டினார். தியேட்டருக்குள் எல்லோரும் போடும் வெள்ளை ரப்பர் செருப்பு. நூர்ஜஹான் அதைப் புறங்காலோடு சேர்த்துக் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் கட்டியிருந்தார்.

"எதுக்குக் கட்டியிருக்காங்க, சார்?"

"தெரியலையே. பதினோரு வருஷமா கட்டுறாங்க. ஏதோ பழக்கம்னு நெனச்சேன்."

"சிஸ்டர், அதைக் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்க."

நூர்ஜஹான் துணியை அவிழ்த்தார். குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல் இடம் காலியாகக் கிடந்தது. குற்றாலிங்கம் தன் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். ஒன்பதாம் நம்பர், ஆண்கள் அளவு. ஸ்டாண்டில் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாமே ஒன்பது.

"கட்டலைன்னா கழண்டுக்கும், டாக்டர். வந்த புதுசுல ஒரு தடவை ட்ரேயோட விழுந்துட்டேன்" என்றார் நூர்ஜஹான், சாதாரணமாக.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சிஸ்டர். சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?" என்றார் குற்றாலிங்கம்.

நூர்ஜஹான் குனிந்து மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டார்.

ரெபெக்கா ஒச்சம்மாளின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் குற்றாலிங்கம் முன்னால் வைத்தார். அவர் கையெழுத்தில் மூன்று தேதிகள். மூன்றிலும் ஒரே குறிப்பு: குத்துகிறது என்கிறார், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும்.

"இவங்க சொன்னாங்களே, சார்" என்றார் ரெபெக்கா.